பதினேழாம் நாடா

டெல்ஃபீன் கான்யோன் இருபதடிக்கு ஒரு துளை போடுகிறாள்.
துளைக்கோலில் ஏறி வருவது முதலில் இலைமக்கு,
அப்புறம் கருப்பு,
முழங்கை ஆழத்தில் ஈயச் சாம்பல்,
அதில் துருப்பிடித்த ஆரஞ்சுப் புள்ளிகள்.
வருடத்தில் பல வாரம் மூச்சில்லாமல் கிடந்த மண்
அதைத் தானே ஒப்புக்கொள்ளும் நிறம்.
முகர்ந்து பார்க்கிறாள். அழுகிய முட்டை.
இளஞ்சிவப்பு நாடாவைக் கிளையில் கட்டி எண் எழுதுகிறாள்.

நாடாவுக்கு இந்தப் பக்கம் சதுப்பு.
அந்தப் பக்கம் ஆரின் பெக்வித்தின் கனவு என்றால்
அவர் திருத்துவார்:
கனவில்லை அம்மா, வங்கிக் கடன்.

வெர்மான்டின் ஹாலக் ஆற்றங்கரையில்
1794இல் எழும்பிய மாவாலை.
இப்போது கூரையில்லை, சக்கரமில்லை.
அரைகல்லின் கண் வழியே
ஒரு பிர்ச் மரம் வளர்ந்து
கல்லைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

சட்டப்படி
நூற்றாண்டு வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே
ஓரடியில் தரை இருக்க வேண்டும்.
அதற்கு ஆலையை ஒன்பதடி தூக்க வேண்டும்.
தூக்கினால் சக்கரம் தண்ணீரைத் தொடாது.
"தொடாத சக்கரத்துக்கு என்ன பெயர்?"
நகர மன்றத்து மடக்கு நாற்காலிகளைப் பார்த்து
ஆரின் கேட்டார்.
"அலங்காரம்" என்றது பின்வரிசை.
முரியல் அதைக் குறிப்பில் எழுதினார்,
பிறகு அடித்தார்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
மனிதர்களைத்தான் பழிக்கலாம்.
ஆலைக்கு அதுதான் அஸ்திவாரம்.

கீழ்க்கரையிலிருந்து வந்த க்ளாரிஸ் வோஸ்
கோட்டைக் கழற்றாமலே பேசினாள்:
"என் நிலவறையில் பதினோரு படி.
போன ஜூலையில் தண்ணீர் நாலாம் படியோடு நின்றது.
அந்தச் சதுப்பு மூன்று நாள் அதைப் பிடித்து வைத்திராவிட்டால்
என் கொதிகலன் இன்று பழைய இரும்பு."

"சதுப்பைச் செய்ததே என் ஆலை" என்றார் ஆரின்.
"அணை தேக்கியது, குளம் தூர்ந்தது,
தூரில் சம்பு முளைத்தது.
பெற்ற பிள்ளை இப்போது
தாய்க்கு வாசலைச் சாத்துகிறது."

இரண்டும் உண்மை.
டெல்ஃபீனின் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

ஆம்பல், வெள்ளம்:
இதை எழுதும் மொழியில் இரண்டும்
பழைய பேரெண்களின் பெயர்கள்.
குளமிருந்த இடத்தில் இன்று
ஆம்பலை எண்ணினால் நாற்பத்தொன்று.
வெள்ளத்தை எண்ணத்தான் தகராறு.

ஏப்ரலில் ஒரு காலை
பதினேழாம் நாடா பன்னிரண்டடி நகர்ந்திருந்தது,
ஆற்றை நோக்கி.
முடிச்சு வேறு. படகு கட்டுகிறவர் போடும் முடிச்சு.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
பழைய இடத்தில் துளைக்கோலை இறக்கினாள்.
வேலிக்கு அந்தப்புறம் நின்ற ஆரின்
கையை நீட்டினார்.
மண்ணை உருண்டையாக்கி
அழுத்தினார்.
விரலிடுக்கில் கசிந்து மணிக்கட்டு வரை ஓடியது.
"மார்ச்சில் கூட இப்படியா?"
"ஆகஸ்டிலும்."
நாடாவை அவரே அவிழ்த்து வந்து கட்டினார்,
முதலில் இருந்ததைவிட
ஒரு முழம் மேட்டுப் பக்கம்.
கோபத்திலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாக்கெடுப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.
தலைவர் ஹோப் ரன்லெட்டுக்குப் பல்வலி.

அதற்குள் மலையில் பனி மொத்தமாக உருகி
இரண்டு இரவு மழையோடு கலந்து வந்தது.
வடிந்த பிறகு
டெல்ஃபீன் முட்டிவரை பூட்ஸோடு போனாள்.
நாடாக்கள் எல்லாம் அந்தந்தக் கிளையில்
சேறு காய்ந்து மரப்பட்டை நிறத்தில்.
பதினேழுக்கும் மேலே,
தன் கோட்டுக்கும் அவர் கோட்டுக்கும் மேலே,
மேட்டில் நின்ற ஆரின் லாரியின்
பின்சக்கரத்தில்
சம்பு நாரும் நுரையும்
ஒரு வளையமாக ஒட்டியிருந்தன.

அளவுநாடாவை எடுத்தாள்.
ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார்.